பிடவுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் பெரியப்பா மகன் மாயகிருஷ்ணன் அண்ணனுக்கு ராமலட்சுமி மதினி வாக்கப்பட்டு வந்தது 1991 ஐப்பசியில். கல்யாணம் முடிந்த நாலாம் நாளே அண்ணன் கிடைக்குப் போய்விட்டான். நாங்கள் ஆடு வளர்க்கிற கூட்டம். சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், கரிசல் புஞ்சையில் உரத்துக்காக ஆடுகளை மொத்தமாக மடக்கிப் போட்டுக் காவல் இருப்பதைத்தான் கிடை என்போம். அந்த வருசம் கடம்பூருக்கு மேற்கே, ஓடையை ஒட்டிய புஞ்சையில் கிடை கிடந்தது.

மதினி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோனாள். ஐப்பசியின் முதல் மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடைக்கரை முழுக்கப் பிடவு பூத்துக் கிடந்தது. பிடவு முள்செடி. வருசத்தில் பாதி நாள் விறகுச் சுள்ளி மாதிரி நிற்கும். மழை விழுந்த மூன்றாம் நாள், இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும். அண்ணன் ஒரு கொத்தை ஒடித்து மதினி தலையில் வைத்துவிட்டான். முள் கிழித்து அவன் புறங்கையில் ரத்தம் வந்ததாம். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அதைப் பிடுங்கி எருக்குழியில் எறிந்தாள். ஆடு கடிக்கிற செடியை எவளாவது தலையில் வைப்பாளா என்று ஏச்சு வேறு. ஓடையிலிருந்து வீடு வரைக்கும்தான் அந்தப் பூ மதினி தலையில் இருந்தது.

இரண்டு வருசத்துக்குள் அந்தப் புஞ்சை கைமாறி, புல்டோசர் வந்து ஓடைக்கரையை வழித்துவிட்டது. மிச்ச இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. நான் தேடிப்பார்த்த வரையில் சுற்றுவட்டாரத்தில் நாலே பிடவுகள் மிஞ்சின. அதே வருசம் அண்ணனுக்குச் சவுதிக்கு விசா வந்தது. அங்கேயும் ஆடு மேய்க்கிற வேலைதான். புறப்படுவதற்கு முந்தின வாரம், முழங்கால் உயரத்தில் ஒரு பிடவை வேர் மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டான். மதினியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என்றால் அதற்குத் தண்ணீர் கொடுப்பதுதான். வந்த ஆளுக்கு முதலில் செம்பு நீட்டுவோம். கன்றுக்குட்டியானாலும் பிள்ளையானாலும் அப்படித்தான். மதினி காலையில் ஒரு குடமும் சாயங்காலம் ஒரு குடமும் ஊற்றினாள். ஊர்க்கோடி அடிபம்பிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர். கோடையில் பம்பு பாதிக் குடத்துக்கே இருமும். அப்போதும் செடிக்குப் போகத்தான் வீட்டுக்கு. பம்படியில் ரெங்கம்மாள் அத்தைக்கு இது பொறுக்காது.

"ஏட்டி ராமலட்சுமி, நீ இங்கன ஊத்துனா சவுதியில ஒம் புருசன் தழைப்பானாக்கும்?"

"தழைச்சா ஒங்களுக்கும் ரெண்டு கொப்பு ஒடிச்சுத் தாரேன் அத்தை. ஆட்டுக்குப் போடுங்க."

நான் அப்போது கோவில்பட்டியில் பி.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. செடி ஏன் பூக்கவில்லை என்று மதினி கேட்டபோது புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, தண்ணீர் போதவில்லை, உரமும் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். படித்த கொழுந்தன் சொல்லிவிட்டான் என்று மதியத்துக்கும் ஒரு குடம் சேர்ந்தது. செடியைச் சுற்றி முள்ளடைத்து, அதற்கு வெளியே இரண்டு ஆடுகளைக் கட்டி, ஒற்றைச் செடிக்குக் கிடை போட்டாள். பிடவு ஆள் உயரத்துக்கு எழும்பிக் கறுகறுவென்று தழைத்தது. மூன்று ஐப்பசி வந்து போனது. ஒரு மொட்டுக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணனுடைய ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடியும். செடி பூத்ததா? மதினிக்கு எழுத வராது என்பதால் பதில் எழுதுகிறவன் நான். இரண்டு வருசத்தில் லீவில் வருவேன் என்று போனவன் மூன்று வருசம் ஆகியும் வரவில்லை. 1996 கார்த்திகையில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது மதினி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "பூத்துட்டுன்னு எழுதுடே மாரிராஜு" என்றாள்.

நான் பேனாவை எடுக்கவில்லை.

"எழுது. வெள்ளை வெளேர்னு பூத்திருக்கு, வீடு பூரா மணக்குன்னு எழுது. அவிய அங்கன ஒத்தையில கெடக்காவ."

எழுதினேன். நல்ல கையெழுத்தில், அவள் சொன்னதற்கு மேலும் ஒரு வரி சேர்த்தே எழுதினேன். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் அண்ணன் முதலாளியிடம் மல்லுக்கட்டி அறுபது நாள் லீவு வாங்கியிருக்கிறான். மறு வருசம் ஆடி மாசக் கடைசியில் வந்து இறங்கினான்.

பெட்டியைக் கீழே வைத்தவன் நேராகப் பின்பக்கம் போனான். நானும் கூடப் போனேன். மதினி அடுப்படி வாசலைத் தாண்டி வரவில்லை. அண்ணன் கொப்பு கொப்பாக விலக்கிப் பார்த்தான். பூத்த பிடவில் காய் பிடித்து உதிர்ந்த காம்பு தங்கியிருக்கும். ஆட்டுக்காரனுக்கு அது தெரியாமல் இருக்காது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவன் குனிந்து விரலை மண்ணுக்குள் விட்டான்.

"தெனமும் தண்ணி ஊத்துதியாட்டி?"

"ஊத்தாம? மூணு கொடம்" என்றாள் மதினி உள்ளேயிருந்து.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "இது தாகத்துல கெடந்தாத்தான் பூக்கும், புள்ள. காஞ்சு, எலையெல்லாம் கொட்டி, செத்துப் போச்சோன்னு நெனைக்கையில ஒரு மழை விழணும். நீ அதைச் சாகவே விடலியே."

கடிதத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. புத்தகப் படிப்பைக் குறை சொல்லவும் இல்லை.

அன்றோடு தண்ணீர் நின்றது. இருக்கிற லீவுக்குள் செடி காய்ந்து, மழையும் விழுந்து, அண்ணன் அதைப் பூவோடு பார்த்துவிட வேண்டும். மதினிக்கு அது ஒன்றுதான் நினைப்பு. ஆனால் நாலு வருசம் தண்ணீர் ஊற்றிய கை சும்மா இருக்குமா? ஆவணிக் கடைசியில் இலை சுருண்டது. ஒரு செம்பாவது ஊற்றட்டுமா என்று கெஞ்சினாள். அண்ணன் கூடாது என்றான். புரட்டாசியில் இலைகள் பழுத்துக் கொட்டின. புருசன் வந்த நேரம் செடி பட்டுப்போச்சே என்று ரெங்கம்மாள் அத்தை பம்படியில் உச்சுக்கொட்டினாள். மதினி அன்று வெறுங்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். தினமும் அண்ணனும் மதினியும் கிழக்கே மானத்தைப் பார்ப்பார்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேகம் கூடும், மணியாச்சிப் பக்கம் கலைந்து போய்விடும்.

அறுபது நாளும் தீர்ந்தது. கோவில்பட்டி ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்கு நின்றோம். சிக்னல் விழுந்த பிறகுதான் மதினி வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்லி எழுதச் சொன்னது நாந்தான்."

"வந்த அன்னைக்கே தெரியும்."

"பொறவு ஏன் கேக்கலை?"

"அந்தப் பொய்க்குத்தானே வந்தேன்" என்றான் அண்ணன்.

அவன் போன ஒன்பதாம் நாள் மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை ராவெல்லாம் பெய்து, வெள்ளிக்கிழமை விடியும்போது பின்பக்கத்திலிருந்து வந்த மணம் தெருவில் நின்றது. பிடவில் முள்ளே தெரியவில்லை, அவ்வளவு பூ. பெரியம்மாகூட வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடம்பூர் எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் போன் பண்ணுவதாக ஏற்பாடு. மதினி ஒரு கொப்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். முள் கிழித்த புறங்கையைத் துடைக்கக்கூட இல்லை. பஸ் தாமதம். பூத்துக்குள் அவளும் நானும் நெருக்கி நின்றோம்.

"பூத்துட்டு" என்றாள் மதினி.

அந்தப் பக்கம் சத்தமில்லை. முன்னாலும் இதே வார்த்தையைத்தான் அவனுக்கு அனுப்பியிருந்தோம். மதினி ரிசீவரை என் பக்கம் நீட்டப் பார்த்தாள். அந்தப் பொய்யை எழுதிய கை என்னுடையது. நான் சொல்லி என்ன பிரயோசனம்? அவள் துணியை அவிழ்த்துக் கொப்பைப் பார்த்தாள். பார்த்தவள் கொஞ்சம் திகைத்துப்போனாள்.

"ஒடிக்கையில வெள்ளையாத்தான் இருந்துச்சு. இப்ப மஞ்சளாயிட்டு" என்றாள்.

மூச்சு விடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அண்ணன் குரல். "ஆமா. உச்சிப் பொழுதுக்கு மேல மஞ்சளாயிரும்."

அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவள் தலையில் இருந்த பூவைத்தான் மஞ்சளாகும் முன்பே பிடுங்கி எறிந்துவிட்டார்களே. எங்கள் கடிதத்திலும் வெள்ளை வெளேர் என்று மட்டும்தான் இருந்தது.

"மோந்து பாத்தியா?"

"ம்."

"எப்படி இருக்கு?"

மதினி கொப்பை ரிசீவர் அருகில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள். லைன் கட்டாகும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

இது நடந்து ஏழு வருசமாகிறது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மதினி இப்போது தன் கடிதத்தைத் தானே எழுதுகிறாள். அண்ணனுக்கு இன்னும் ஐப்பசியில் லீவு அமையவில்லை. அங்கே ஆடுகள் குட்டி போடுகிற காலமாம், முதலாளி விடமாட்டேன் என்கிறானாம். ஒரு தடவை சித்திரையில் வந்தான், ஒரு தடவை மாசியில். சுள்ளியாக நிற்கிற செடியைத்தான் பார்த்துவிட்டுப் போனான்.

ஊருக்குள் குழாய் வந்துவிட்டது. தண்ணீருக்கு முன்போல முடையில்லை. மதினி குடத்தைச் சுமந்துகொண்டு பின்பக்கம் வரும்போது நான் பார்த்திருக்கிறேன். பிடவுக்குப் பக்கத்தில் வந்ததும் குடத்தை அந்த இடுப்பிலிருந்து எடுத்து இந்த இடுப்பில் வைத்துக்கொண்டு, செடியைத் திரும்பிப் பாராமல் தாண்டிப் போவாள்.