வாளி நிறையும் நேரம்

மண் அணை எதுவானாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் அடிவார வாய்க்காலில் ஓடி, நடுவில் முக்கோணமாக வெட்டிய ஒரு தகட்டின் வழியே விழும். எவ்வளவு விழுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்தமானில் பூமி அடிக்கடி குலுங்கும் என்பதால் ஒரு நாளும் தவறக்கூடாது.

அந்த வருடம் மழை முடிந்து ஏரி ததும்பிக் கிடந்தது. கசிவு மட்டும் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. நிறைந்த அணையில் கசிவு எப்படிக் குறையும்? என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. வண்டல் படிந்து அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, 'திருப்திகரம்' என்று எழுதினேன். உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒரு காலையில் வாய்க்கால் ஓரப் புதரை வெட்டினார்கள். உள்ளே நான்கு ரப்பர் குழாய்கள்! தண்ணீர் தகட்டுக்கு வரும் முன்பே, அணையடி வடிகால் துளைகளில் செருகி, துணி வைத்து அடைத்திருந்தது. ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனேன். அணைக்குக் கீழே முதல் வீட்டின் கொல்லையில் முடிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தீவுக்கு வந்த குடும்பத்துப் பெண் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டும்மா இதைச் செருகினீங்க?" என்று கத்தினேன்.

"மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுட்டா நாங்க என்னா செய்யிறது சாப்? வீணாத்தானே ஓடுதுன்னு நான்தான் மொதல்ல போட்டேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு வூடா இன்னும் மூணு வூட்டுக்காரங்க போட்டுட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எடுத்துர்றேன். ஆனா இப்ப தண்ணி ரொம்ப ஜல்தியா வருது சாப். மின்ன ஒரு பால்டி ரொம்புறதுக்குள்ள அரிசி களைஞ்சு ஒலையில போட்டுருவேன். இப்ப அரிசிய அளக்குறதுக்குள்ளயே ரொம்பி வழியுது."

அப்படியானால் கசிவு குறையவில்லை, கூடியிருக்கிறது; குழாய்கள்தான் அதை என் தகட்டுக்கு வராமல் மறைத்திருக்கின்றன. நான்கு குழாய்களையும் பிடுங்கிவிட்டுத் தகட்டுக்கு ஓடினேன். இதுவரை நான் எழுதாத உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்தேன். அடியில் மெல்ல மண் படிந்தது. ஐயோ, அணையின் வயிற்றிலிருந்து மண் கரைந்து வருகிறது. கீழே பதினோரு வீடுகள்.

"ஏரியைத் திறந்துட்டா கோடையில டவுனுக்கு என்னய்யா குடுப்பே?" என்று போனில் சீறினார் அதிகாரி.

"டவுனை அப்புறம் பாத்துக்கலாம் சார். கீழ ஆளுங்க இருக்காங்க."

மதியத்துக்குள் மதகைத் திறந்தோம். பதினோரு வீட்டாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஏரி இறங்க இறங்கக் கசிவு தெளிந்தது, அணை நின்றது. அந்தக் கோடை முழுக்க டவுன் எங்களைத் திட்டித் தீர்த்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து அவர்கள் வீடு திரும்பும் நாளில், பாய்ச்சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெண் என் எதிரே நின்றார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நெதமும் எங்க வாசல் வழியாத்தானே போனீங்க சாப்," என்றார் மெதுவாக. "ஒருநா நின்னு கேட்டிருந்தா, அப்பவே சொல்லியிருப்பேனே."