எழுதாமல் விட்ட ஒரு சாவு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கே பேர். நான். என் மனைவி பாக்கியம். வேன்காரர் செல்வம். கதவோரம் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த செல்வத்தின் அப்பா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... யார் யார் இருந்தார்கள் என்பதுதான் இப்போது என்னை நடுங்க வைக்கிறது.

இந்த வருஷ நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னால் நடந்தது இது. மகளுக்கு இழுப்பு வந்து மூச்சுத் திணறிய நாட்களில், சண்டையால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்தால் நல்லூரில் மொட்டை போடுவதாக பாக்கியம் நேர்ந்திருந்தாள். பாதையும் திறந்தது. அவளுடைய சீட்டும் விழுந்தது. பணத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு அக்கரப்பத்தனை டவுனில் இருக்கிற செல்வத்தின் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேனுக்கு அட்வான்ஸ் நாலாயிரம்.

நாலாயிரம்! டயகம மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அது எத்தனை நாள் மழையில் நனைந்த சம்பளம் தெரியுமா?

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. பஸ்ஸில் ஏறியதும் பிரேக்கைப் பற்றி யோசிக்கிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. படித்தவர்களுக்கு எழுத்தின் மேல் சந்தேகம் வரலாம், எனக்கு வராது. எழுதி வாங்கிவிட்டால் கடவுளே கையெழுத்துப் போட்ட மாதிரி.

"செல்வம், பயணம் நின்னுபோச்சுன்னா காசு?" என்றேன்.

"ஏண்ணே நிக்கப்போகுது?"

"ரோட்ட மூடுனா?"

"திருப்பித் தாறேன்."

"ஊரடங்கு போட்டா? ரம்பொடையில மண் சரிஞ்சா?"

"அதுக்கும் தாறேன். டீயக் குடிங்க, ஆறுது."

"எங்க பக்கம் சாவு கீவு விழுந்துட்டா? தீட்டோட கோயிலுக்குப் போக முடியாதே..."

நான் சொன்னதையெல்லாம் பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த செல்வம் பேனாவைக் கீழே வைத்தார். "யாருண்ணே சாகப்போறா?"

சொன்னேன். பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி. சித்தப்பாவுக்குச் சர்க்கரை. அவர் மகனுக்குக் குடி. தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற பங்காளிகளை லயம் லயமாகச் சொல்லி, பெயரோடு எழுத வைத்தேன். பில் புத்தகத்தின் தாள் நிரம்பிவிட்டது.

பாக்கியம் என் விலாவில் இடித்தாள். "வாயக் கழுவுங்க! கரிநாக்கு, கரிநாக்கு..."

கதவோரத்திலிருந்து செல்வத்தின் அப்பா சிரித்தார். "தம்பி, இப்படியே போனா வேன்ல ஏற ஆளே மிஞ்ச மாட்டாங்க போலருக்கே!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. எந்தச் சாவு வந்தாலும் காசு பத்திரம்!

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என் பாட்டைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் பெரியப்பா இருமினால் என் தூக்கம் போய்விடும். அதான் எழுதியாகிவிட்டதே — அப்புறம் என்ன பயம்? ஒருவேளை, எழுதியதால்தானோ? விடிந்ததும் அவர் வாசலில் போய் நிற்பேன்.

"என்னடா, கெழவன் உசுரோட இருக்கானான்னு பாக்க வந்தியா?" என்பார்.

அடுப்புக்கு விறகு வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாவுச் செய்தி வந்தது. பெரியப்பா இல்லை. சித்தப்பாவும் இல்லை.

செல்வத்தின் அப்பா.

தாளை விரித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒருவரையும் விடவில்லை. வேன்காரர் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மூச்சு நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மனுஷன் என் கண்ணெதிரேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்...

சாவு வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்கவா, காசு கேட்கவா? எனக்கே தெரியவில்லை. 'கரிநாக்குக்காரன் வந்துட்டான்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று செருப்பைக் கழற்றும்போதே காது கூசியது. யாரும் சொல்லவில்லை. செல்வம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. காரியம் முடியிற வரைக்கும் நான் வண்டி எடுக்க ஏலாது. வேற வேன் பாத்துக்கங்க."

"பரவாயில்ல செல்வம்... அந்த அட்வான்ஸ் —" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவர் நடு அறையில் இருந்த சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல பெட்டி. பித்தளைக் கைப்பிடி போட்டது.

"அந்தக் காசுலதாண்ணே பெட்டி எடுத்தேன். ஒங்க காசுலதான் அப்பா போறாரு. கொஞ்சம் கொஞ்சமாத் தந்துர்றேன்."

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? பையில் அந்தத் தாளோடு கிடந்த இருநூறு ரூபாயை எடுத்துச் சாவுக்காசாக வைத்துவிட்டு வந்தேன்.

வேறு வேனுக்குக் காசில்லாமலே திருவிழா முடிந்துவிட்டது. குளிர் ஏறுகிற நேரத்தில் மகள் ஒரு தும்மல் போட்டாலும் பாக்கியம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். "சாமிக்குச் சொன்ன வாக்கு தவறிப்போச்சேங்க..." அடுத்த வருஷம் போகலாம் என்கிறேன். அதுவரை பாதை திறந்திருக்குமா? அதை யார் எழுதித் தருவார்கள்?

பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் எழுதி வாங்கியதெல்லாம் என் பயத்தைத்தான். அடுத்தவன் வீட்டுக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

செல்வம் நல்ல மனுஷன். டவுனில் என்னைக் கண்டால் ஒளிவதில்லை, ஒளிகிறவன் நான்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார். தரும்போதெல்லாம், "அன்னைக்கு அப்பா எப்படிச் சிரிச்சாரு, ஞாபகம் இருக்காண்ணே?" என்கிறார். அதனால் மிச்சத்தைக் கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமல் விடவும் பயமாக இருக்கிறது.

வர வேண்டியது இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.