பின்சத்தம் கேட்கும் சிமியோன்

பாட்டுத் தொடங்கிவிட்டால் சிமியோன் பாட்டைக் கேட்கமாட்டார். ரெக்கோடருக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பின்னால் இருமுகிறவனைக் கேட்பார், சுருதிப்பெட்டியைக் கேட்பார், மிருதங்கத்தின் இடந்தலையைக் கேட்பார். "பாட்டு எங்கையும் ஓடிப்போகாது. முதல்லை பின்சத்தம் சரியோ எண்டு பாப்பம்" என்பார்.

குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். கையில் எந்நேரமும் கிறீஸ். தூரத்தில் வரும் எஞ்சினின் சத்தத்திலேயே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுகிற காது. மாதா கோயில் பூசைப் பாட்டில் வளர்ந்த மனுசனுக்குத் தோடி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்; இருபது வருசம் றேடியோவோடு கிடந்தால் வராதா என்ன! தூரத்துப் பண்டத்தரிப்பிலிருந்துகூட, பாட்டு எப்படி என்று கேட்கக் கசெற்றோடு வருவார்கள். பொய் சொல்லத் தெரியாது, அதுதான் வில்லங்கம். சொந்த மருமகனின் பாட்டை "வெறுந் தகரம்" என்றுவிட்டார். அவன் அன்றோடு பாடுவதை விட்டான். அது அவரை இன்னும் குடைகிறது.

எழுபத்து நாலில் ஒரு புதன்கிழமை, இணுவிலிலிருந்து சங்கீத ரீச்சர் பாலேஸ்வரியும் தமையன் கதிரவேலுவும் வந்தார்கள். அவள் கோயிலில் தனியே பாடியதைத் தமையனே பதிந்திருந்தான். அந்தக் கசெற்றைக் கேட்ட கோயில் கமிட்டி, போகப்போகச் சுருதி ஏறுகிறது என்று, அந்த வருசத் திருவிழாவில் அவள் பெயரை வெட்டிவிட்டது.

"நீங்களும் அப்பிடிச் சொன்னால் நான் பாடுறதை விட்டிடுவன், அண்ணை" என்றாள் சிமியோனிடம்.

சிமியோன் கசெற்றை ரெக்கோடரில் போட்டார். ஆண்டவரே, இன்னொரு மருமகன் கதையா!

கசெற் ஓடியது. பக்கவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டி ரெக்கோடருக்கு எட்டவில்லை, பிடித்துக்கொள்ள ஒரு பின்சத்தமும் இல்லை. குரல் ஏறத்தான் செய்தது. முடிவுக்கு வர அரைக்கட்டை! என்னத்தைச் சொல்வது என்று அவர் தவிக்கையில், கசெற்றுக்குள், பாட்டோடு சேர்ந்து கோயில் பூசை மணி அடித்தது. துள்ளி எழும்பிக் கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். அங்கேயும் அதே மணி. ஆனால் சுருதி இறங்கி.

"பிள்ளை, உம்மடை குரல் ஏறினது எண்டே வைப்பம். கோயில் மணியுமோ ஏறும்? உது ரெக்கோடரின்ரை பிழை. தம்பி, என்ன பற்றறி போட்டனீர்?"

கதிரவேலு தலையைச் சொறிந்தான். "புதுசு எங்கை அண்ணை கிடைக்குது? பழசை ரெண்டு நாள் வெயிலிலை காயவைச்சுப் போட்டனான்."

"அதுதானே! பற்றறி சோர, பதியேக்கை நாடா மெல்ல ஓடியிருக்கு. திருப்பிப் போடேக்கை எல்லாம் ஏறிக் கேக்குது. உம்மடை பாட்டு சுத்தமான பாட்டு, பிள்ளை!"

பாலேஸ்வரி சிரித்தாள், அழுதாள், தமையனின் முதுகில் ஒரு குத்தும் விட்டாள். அப்பாடா என்று சிமியோனுக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

"நான் சொன்னால் கமிட்டி நம்பாதே" என்று கதிரவேலு இழுத்தான். "தங்கச்சிக்காகக் கதை கட்டுறன் எண்டுவினம்."

சிமியோன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். சவுக்காரம் போட்டு முழங்கைவரை கிறீஸைக் கழுவினார். உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் கசெற்றையும் எடுத்துக்கொண்டு, இணுவில் பக்கம் பார்த்துச் சைக்கிளைத் திருப்பினார்.