ரத்தம் வரும் பக்கம்

உட்காரச் சொன்னால் குஷன்காரர் உட்காரமாட்டார். நான் கூட்டித் துடைக்கும் பல் ஆஸ்பத்திரியில், காத்திருப்பவர்களுக்கென்று ஒரு நீள சோபா உண்டு. அதை ஓர் ஓரமாகத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். முட்டியால் அழுத்துவார். ஸ்பிரிங்கைத் தட்டிக் காது கொடுப்பார். "அக்கா, இதை எவன் அடிச்சான்? மூணு ஆணி போடுற இடத்துல ஒண்ணு போட்டிருக்கான்" என்பார். அதற்குள் நாக்கு உள்ளேயிருந்து மேல்பல்லைத் தள்ளும், பல் அசையும். சட்டென்று வாயை மூடிக்கொள்வார். அரை நிமிஷத்தில் மறுபடியும் தள்ளுவார்.

ஐம்பத்திரண்டு வயது. சோபா, நாற்காலி, கார் சீட்டு எதுவானாலும் மெத்தை கட்டித் துணி போர்த்துகிற தொழில். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் இழுத்துப் பிடித்த துணி. ஆணிக்கு மூன்றாவது கை வேண்டுமே, அது அவர் வாய். இடது கன்னத்தில் இருபது ஆணி ஒதுங்கியிருக்கும். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும், முன்பல் பிடித்துக் கொடுக்கும், விரல் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு நாற்காலிக்குத் துணி மாற்றியபோது பார்த்தேன். வாய் நிறைய ஆணியோடு என் மகனை அதட்டினார், ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அந்த இடது பக்கத்து மேல்பல் இரண்டும்தான் இப்போது ஆடுகின்றன. சொத்தை இல்லை, வலி இல்லை. இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் கூப்பிடுவதற்குள் நழுவிவிட்டார். பல்லைச் சுத்தம் பண்ணினால் இருக்கிறதும் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை மனைவி கூடவே வந்து, செருப்பைக் கழற்றியதும் இவரை முன்னால் விட்டு வாசலை மறித்துக்கொண்டார்.

உள்ளே நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கம் பிரஷ் வச்சு ஆறு வருஷம் ஆச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க" என்று மனைவி போட்டுக்கொடுத்தார்.

"புண்ணை யாராவது தேய்ப்பாங்களா? ஆணி குத்தி ரத்தம் வருது. தொடாம விட்டா ஆறும்னு விட்டேன். அதுக்கும் சேர்த்து இந்தப் பக்கம் நல்லாத் தேய்க்கிறேன்ல."

"பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ச்சா நம்ம பாத்திரம் வெளுத்துடுமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார். "ஆணி குத்தினது நாலஞ்சு நாள்ல ஆறிடும் ஐயா. இது ஈறு ஓரத்துல அழுக்கு சேர்ந்து வர்ற ரத்தம். தேய்க்காததாலதான் வருது. பல்லு நல்லாருக்கு, அதைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சிருக்கு."

குஷன்காரர் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார்.

"ஆணி நல்லாருக்கு. கட்டை இத்துப்போச்சு."

"அதேதான்."

"கட்டையை மாத்திடலாமா?"

"போன எலும்பு திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். அழுக்கை நான் எடுத்துடறேன். ரெண்டு வேளையும் அந்த இடத்துல மெதுவா நீங்க தேய்க்கணும். மூணு மாசத்துல ஈறு இறுகினா ரெண்டு பல்லும் நிக்கும். இல்லைன்னா எடுக்க வேண்டியதுதான். இனிமே ஆணியை டப்பாவுல வைங்க."

"டப்பா எடுத்துக் கொடுக்குமாம்மா?"

"நான் எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார் மனைவி. குஷன்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

இப்படிச் செய்தவர் இவர் ஒருவர் இல்லை. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்தப் பக்கத்தையே விட்டவர்கள் எத்தனையோ பேர் இந்த வாசலுக்கு வந்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். இவருக்கு அந்த இரண்டையும் விட்டுவை ஆண்டவனே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஒரு புது பிரஷைக் கொடுத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். கை பழக்கத்தில் வலது பக்கம் போனது. மனைவி தொண்டையைச் செருமினார். பிரஷ் இடது பக்கம் மாறியது. நாலு தேய்ப்புக்குள் நுரை இளஞ்சிவப்பாகி உதட்டோரம் வழிந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். துப்பினார், தொட்டியில் ஓடியதையே பார்த்தார். தண்ணீரைத் திறந்து அதைக் கழுவிவிட்டார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிரஷை அதே இடத்தில் மறுபடி வைத்தார்.