பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்

மலாக்காவில் நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங் பகுதியில் சில வீடுகளின் நிலைப்படியில் மாவிலைத் தோரணம் தொங்கும். சாயங்காலம் சாம்பிராணி வாசம் வரும், மணியோசை கேட்கும். கப்பலை விட்டு இறங்கி நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், அப்படி ஒரு வீட்டு வாசலில் நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற அம்மாளைப் பார்த்து, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்று ஆசையோடு கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தபடி மலாயில் ஏதோ சொன்னாள். என் முகம் சுண்டிப் போனது. தமிழ் தெரிந்தும் என்னிடம் பேசப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் செட்டி வம்சத்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து நிலைத்துவிட்டவர்கள், சாமி மட்டும் நம்முடையது, பேச்சு மலாய் என்று என் கணவர் பிறகு விளக்கினார். சாமியை வைத்துக்கொண்டு பேச்சைத் தொலைக்க முடியுமா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கும் விளங்காது.

என் கணவர் ராமையா எனக்கு ஏழெட்டு வருஷம் முன்னதாகவே மலாக்காவுக்கு வந்தவர். ஆற்றோரக் கிடங்கில் ரப்பர் கட்டுகளை லாரியில் ஏற்றும் வேலை. வீட்டுக்குப் பின்னால் மாடுகளும் வைத்திருந்தார். விடியற்காலையில் பால் கறந்து, சைக்கிளில் புக்கிட் ரம்பாய் வரைக்கும் ஊற்றிவிட்டு அப்புறம்தான் கிடங்குக்குப் போவார். நான் வந்து மூன்றாம் வருஷம் லாரியிலிருந்து சரிந்த கட்டுகள் அவருடைய இடது காலை நசுக்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். பக்கத்துத் தெருக்களோடு என் கால்கள் ஓய்ந்துவிடும். புக்கிட் ரம்பாய் வாடிக்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது.

அந்தச் சமயம் ஊரெங்கும் மெர்டேக்கா பேச்சு. வெள்ளைக்காரன் போகப் போகிறான், நாடு விடுதலையாகப் போகிறது. காபிக் கடையில் குடியுரிமைக்குப் பதிவதா, கப்பலேறுவதா என்று வாக்குவாதம். ஒருநாள் ராமையா சொன்னார்: "அவன் போறப்ப நாமளும் போயிடலாம் வள்ளி. ஒத்தக் காலோட இங்க எனக்கு என்ன இருக்கு?"

"அங்க போனா?"

"உங்கண்ணன் வரச் சொல்லுறாருல்ல."

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருக்கும் என் அண்ணன் நல்லவர்தான், சோறு போடுவார். ஆனால் அந்த வீட்டில் என் புருஷன் யாராக இருப்பார்? எங்கே உட்கார் என்கிறார்களோ அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனாக இருப்பார். உண்மையைச் சொன்னால், ஊருக்குப் போக அவரைவிட எனக்குத்தான் ஏக்கம் அதிகம். மழை பெய்யாத ஒரு முழு மாதத்துக்காக, தெருவில் போகிறவர்கள் எல்லோர் பேச்சும் காதில் விழுந்து விளங்குவதற்காக நான் ஏங்கிக் கிடந்தேன். ஆனாலும் அவர் இப்படி உடைந்துபோய்த் திரும்புவதை என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வண்டி வாங்கினா என்னங்க?" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் வண்டி வாங்கியதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று யாரைக் கேட்பது? முதலில் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியைப் பார்த்தோம். அதை மிதிக்க இரண்டு கால் வேண்டும் என்று அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்து, புக்கிட் ரம்பாயில் ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனோம். நான்கு சக்கரம், பின்னால் தாராளமான இடம். ராமையாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கைத் தடவினார். பிறகு கீழே குனிந்து பார்த்தார். மிதிகட்டைகள் மூன்று இருந்தன. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம சந்துல இது திரும்பாது" என்று சொல்லி இறங்கினார். சந்தில் திரும்பாது என்பதும் உண்மைதான்.

அதற்குப் பிறகு அவர் எங்கும் வரமாட்டேன் என்றார். நாங்கள் பால் ஊற்றும் வீட்டில் ஒருவர், செட்டிகள் இருக்கும் பக்கத்தில் பிள்ளை என்ற செட்டி ஒருவர் வீட்டில் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கிறது என்றார். நான் தனியாகப் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம். வெளியே வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாரோங், நெற்றியில் நீறு, எங்கள் பெரியப்பாவின் சாயலில் ஒரு மூக்கு. "தங்காச்சி" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கொட்டகையில் வண்டி நின்றது. இடது பக்கத்தில் கனமான மரப்பெட்டி, உள்ளே தகரம் அடித்து, மூடியும் போட்டது. பனிக்கட்டி ஏற்றி மீன் விற்கிறவர்களுக்குக் கொடுக்கச் செய்தது என்று கையைக் காட்டிப் புரியவைத்தார். பால் பாத்திரங்கள் அதில் அசையாமல் நிற்கும். மூன்று சக்கரம் இருப்பதால் நின்ற இடத்தில் காலூன்ற வேண்டாம். உதைத்துக் கிளப்புவதும் கியர் மாற்றுவதும் வலது காலால். இஞ்சினைத் தொட்டுக் காட்டி, எப்படி என்பதுபோலக் கையை விரித்தேன்.

"மாத்தி" என்றார் பிள்ளை.

இஞ்சினை மாத்தியிருக்கிறார்கள்! எனக்குச் சந்தோஷம். "சியாபா?" என்று கேட்டேன். யார் மாற்றியது என்று கேட்டதாக எனக்கு நினைப்பு.

"அடிக் சாயா. சூடா மாத்தி."

அடிக் சாயா என்றால் என் தம்பி, அது தெரியும். தம்பி சூட்டோடு சூடாக மாற்றிக் கொடுத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். "பாகுஸ்!" என்றேன். நல்லது என்பதற்கு நான் கற்றிருந்த சொல் அது. போதாதென்று இன்னொரு முறையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தி, நாளைக்குக் கணவரோடு வா என்பதுபோலச் சைகை காட்டிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தேன். "இஞ்சின மாத்தியாச்சாங்க. அவரு தம்பியே சுடச்சுட மாத்தியிருக்கான்."

ராமையா சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மாத்தின்னா மலாயில செத்துப்போச்சுன்னு அர்த்தம்டி. இஞ்சின் செத்துக் கிடக்குதுன்னு சொல்லியிருக்காரு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். சிரிப்பு மறைந்தது. "அடிக் சூடா மாத்தின்னா சொன்னாரு? நீ என்ன சொன்ன?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றார் அவர்.

மறுநாள் ரிக்ஷா பிடித்துப் போனோம். மன்னிப்புக் கேட்கும் வார்த்தையை வழியெல்லாம் அவரிடம் பாடம் பண்ணிக்கொண்டு போய், "சாயா மிந்தா மாஆஃப்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை, "தாப்பா, தங்காச்சி, தாப்பா" என்றார். பரவாயில்லை என்கிறார் என்று அவர் முகமே சொன்னது. அந்தத் தம்பி நெஞ்சுச் சளியில் கிடந்து போனவராம். அவர் போனதிலிருந்து வண்டியை யாரும் கிளப்பவில்லையாம்.

ராமையா வண்டியருகே தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். கேட்க வேண்டியதையெல்லாம் அவரே மலாயில் கேட்டார். இஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்தால் ஓடும். பின்பக்க பிரேக்குதான் இடது காலில் இருந்தது. அதைக் கைப்பிடிக்குக் கொண்டுவர முடியுமா என்று பிள்ளை தனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஆளனுப்பிக் கேட்க, முடியும் என்றார்கள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இதுதான் வள்ளி" என்றார்.

விலை படிந்த பிறகு பிள்ளை எங்களை வீட்டுக்குள் அழைத்துப்போனார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞனின் படம், பூ சாத்தியிருந்தது. சூடம் ஏற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோல அந்தப் படத்திடம் மலாயில் பேசினார். என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டேன். "உன் வண்டிய இவங்க எடுத்துட்டுப் போறாங்க, நல்லவங்கதான், மனசு வருத்தப்படாதேன்னு தம்பிகிட்டச் சொல்லுறாரு" என்று ராமையா தாழ்ந்த குரலில் சொன்னார். எங்கள் வீட்டிலும் செத்தவர்களிடம் இப்படித்தான் பேசுவார்கள். பேச்சைத் தொலைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்தவர்கள் எதையும் தொலைக்கவில்லை. வேறு பேச்சில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

வண்டி பட்டறையிலிருந்து வந்த பிறகு கப்பல் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. புக்கிட் ரம்பாய் வாடிக்கை பாதிக்குமேல் திரும்பி வந்தது. ராமையா குடியுரிமைக்குப் பதிந்துகொண்டார். "நீயும் வா" என்றார். "அப்புறம் பாக்கலாங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

விடுதலை நாளன்று காலையிலும் பால் ஊற்றினோம். விடுதலைக்காக மாடு கறக்காமல் இருக்குமா? பண்டார் ஹிலிர் பகுதி முழுவதும் கொடிகள், கூட்டம். யாரோ ஒருவர் எங்கள் கைப்பிடியிலும் ஒரு சின்னக் கொடியைச் செருகிவிட்டார். திரும்பும்போது பாத்திரங்கள் காலி. காலிப் பெட்டியோடு போனால் திருப்பத்தில் பெட்டிப் பக்கம் தூக்கும் என்று, பாரத்துக்காக என்னைப் பெட்டியில் உட்கார வைத்திருந்தார். எங்கள் சந்துக்குள் இடது பக்கம் திரும்பியபோது வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. என் பக்கத்துச் சக்கரம் மண்ணை விட்டு எழும்பியது. அவருடைய இரண்டு சக்கரங்களும் அந்தச் செம்மண்ணைக் கவ்விப் பிடித்து ஓட, நான் மட்டும் ஒரு சாண் உயரத்தில், எந்த மண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருந்தேன்.

"சாஞ்சு உக்காரு வள்ளி, கீழ வந்துரும்" என்று கத்தினார்.

கேட்டது. உடனே சாய எனக்கு மனம் வரவில்லை.