பெட்டி சொன்ன சேறு

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போயும் விடும். எதிரில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல் என்று என் மனைவி கேட்பாள். நாமக்கல் பக்கம் சாலை ஓவர்சீயராக இருந்த நாட்களில் அந்தக் கோபத்தோடு கர்வமும் சேர்ந்துகொண்டது. காரணம், என் கையில் ஒரு பெட்டி இருந்தது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த புதிது. சாலை போடும் இடத்தில் அடியில் இருப்பது பாறையா களிமண்ணா என்று தோண்டாமலே தெரிந்துகொள்ள, எங்கள் இன்ஜினீயர் அந்தப் பெட்டியை மதராஸிலிருந்து இரவல் வாங்கி வந்தார். நாலு இரும்பு முளைகளை ஒரே கோட்டில், சம இடைவெளியில் மண்ணில் அடிக்க வேண்டும். கம்பியால் பெட்டியோடு இணைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மண்ணுக்குள் மின்சாரம் பாயும். பாறை அதை மறிக்கும். ஈரக் களி தாராளமாக வழிவிடும். பெட்டியின் மேலிருக்கும் முள் பாறைக்கு ஏறும், களிக்கு இறங்கும்; எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முளைகளை அகற்றி அகற்றி அடித்தால் இன்னும் ஆழத்தில் உள்ளதும் தெரியும். இன்ஜினீயர் இதை எனக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்மம்பட்டிப் பக்கம் போகும் புதுச் சாலைக்கு இரண்டு வழி பார்த்திருந்தார்கள். கொல்லிமலைக்குக் கீழே இருந்த ஒரு சிற்றூர் வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அடிமண் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சாலை ஊரைத் தொடாமல் இரண்டு மைல் தள்ளிப் போய்விடும். ஊர் வழியில் பாதித் தூரம் ஒரே ஒரு அம்மாளின் விளைநிலம்; அந்தப் பக்கத்தில் காடு என்பார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முந்தின வருஷம் ஐப்பசி மழையில், காய்ச்சலில் கிடந்த புருஷனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். வண்டித்தடத்தில் ஓடை குறுக்கிடும் இடத்தில் சக்கரம் இறங்கிவிட்டது. ஆள் கூப்பிட்டு வண்டியைத் தூக்குவதற்குள் புருஷன் உயிர் போய்விட்டது. சாலைக்கு வேண்டிய நிலத்தைச் சும்மாவே எழுதித் தருகிறேன் என்று அந்த அம்மாள் தாமே ஆபீஸுக்கு வந்து சொன்னார்.

சித்திரை வெயிலில் பெட்டியோடு போனேன். நாங்கள் ஒரு வாரம் முன்பே போட்டுவிட்டு வந்த சுண்ணாம்புக் கோட்டில் முளைகளை அடிக்கச் சொன்னேன். மேல்மண் வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தாலும், வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி இறங்கின. ஆட்களுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். முள் வெகு கீழே நின்றது. முளைகளைக் கடைசி இடைவெளிவரை அகற்றிப் பார்த்திருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. தெரிந்த விஷயத்தை எதற்கு மறுபடி பார்ப்பது என்று பாதியில் நிறுத்திவிட்டேன். அடிமண் முழுக்கச் சேறு, ஊர் வழி உதவாது என்று எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் காலை முளைகளைப் பிடுங்கப் போனபோது அந்த அம்மாள் வரப்பில் காத்துக்கொண்டிருந்தார். சாலை இந்தப் பக்கம் வராது, உங்கள் காட்டுக்கு அடியில் வெறும் சேறு என்றேன்.

"என்ற காட்டுலயா சாமி? கெணறு வெட்டறப்ப ஆறடியிலயே பாறை வந்து, வெடி வெச்சுத்தானுங்க எறக்குனோம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் சர்க்கார் பெட்டியை உடைப்பில் போட்டுவிட்டு உங்களையே கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் வாடவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. உங்களுக்குச் செரமம் இருக்கக் கூடாதுன்னு நாலு நாளா மாடு கட்டி எறச்சு, அந்தக் கோட்டுல பூராத்துக்கும் தண்ணி உட்டோமுங்க. மண்ணு கல்லாட்டக் கெடந்தா மொளை அடிக்கறவங்க கை பொத்துப் போயிருமல்லங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. கோடையில் கிணற்றில் ஊறின கொஞ்சத் தண்ணீரையும் செடிக்கு விடாமல் எங்கள் கைக்காக விட்டிருக்கிறார்கள். விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிற ஊர், முளைக்கும் கொடுத்துவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு மிதித்தேன். தபால் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இன்ஜினீயர் மேஜைமேல் என் கடிதம் பிரிந்து கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். கடைசி இடைவெளிவரை பார்த்தாயா என்று ஒன்றுதான் கேட்டார். இல்லை என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பெட்டி பொய் சொல்லலை. நீ அதுகிட்ட பாதிதான் கேட்டிருக்கே," என்றார். கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

மூன்று வாரம் மண்ணைக் காயவிட்டு, இன்ஜினீயரே வந்தார். யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தோம். ஆட்களின் கை உண்மையாகவே கொப்பளித்தது. எனக்கும்தான்; முதல் முளையை நானே அடித்தேன். இந்தத் தடவை முளைகளை அகற்ற அகற்ற முள் ஏறிக்கொண்டே போனது. போதாதென்று இன்ஜினீயர் ஒரு குழியும் வெட்டச் சொன்னார். ஆறடியில் கடப்பாரை ணங்கென்றது. அந்த அம்மாள் சொம்போடு வந்தார். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

அடுத்த வருஷம் சாலை வந்தது. ஓடைக்குக் கல்பாலம் கட்டினோம். ஜல்லி பரப்பி ரோலர் ஓட்டும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் ஜல்லி இறுகும். அந்த அம்மாளின் காட்டுக்குப் பக்கத்தில் வேலை வந்த அன்று எங்கள் தண்ணீர் வண்டியின் அச்சு முறிந்து, ரோலர் சும்மா நின்றது. கிணற்று மேட்டில் அவர் மாடுகளைப் பூட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தார். ஆனால் இறைக்கவில்லை. நான் பக்கத்தில் போகும்வரை காத்திருந்தார்.

"ஏனுங்க சாமி, இப்பத் தண்ணி உடலாமுங்களா?"

விடுங்கம்மா என்றேன். மண்வெட்டியை வாங்கி, நானே வாய்க்கால் மடையைச் சாலைப் பக்கம் திருப்பிவிட்டேன்.