அத்தையின் கால் பெடல்

"பள்ளிக்கூட வாசல மிதிக்காத பொம்பளைக்கு நீ கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கப் போறியாக்கும்? அரே, படிச்ச படிப்ப இப்படியாம்மா வீணாக்குவ!" தாராவியில் பை தைக்கும் பட்டறையின் முதலாளி என்னிடம் இப்படிச் சொன்னபோது அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய வலது கால் தையல் மெஷினின் பெடல் மேல் இருந்தது. மெஷின் ஓடவில்லை. கால் மட்டும் பழக்கத்தில் அங்கேயே கிடந்தது.

அப்பாவின் அக்கா அவள். கல்யாணமாகி மும்பைக்கு வந்ததிலிருந்து அந்தப் பட்டறைதான் அவளுக்கு வேலை, பேச்சு, சிரிப்பு எல்லாம். கையில் நடுக்கம் வந்த பிறகு நேர்த்தையல் கோணலாக ஓடத் தொடங்கியது. மாத்திரையில் நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து பாய், நல்ல மனிதர். ஆனாலும் தைக்க முடியாதவளை எத்தனை நாள் உட்கார வைப்பார்? அப்போதுதான் பைகளை ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருந்தார். வருகிற ஆர்டரைப் பார்த்து முகவரிச் சீட்டு அச்சடித்து, சரியான பையில் ஒட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. பெருநாளுக்குப் பிறகு வெளியிலிருந்து ஒருவரை வைக்கப்போவதாகச் சொன்னார். அந்த வேலையை அத்தைக்குக் கொடுங்கள் என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். நான் விடாமல் கேட்கவே, பெருநாள் வரைக்கும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கேயும் பெருமையோடுதான் சொல்வேன். என் முதல் பள்ளிப் பையை அத்தை பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மஞ்சள். வகுப்பில் சிரித்த பிள்ளைகளின் பைகளெல்லாம் கிழிந்த பிறகும் அது உழைத்தது. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, செம்பூரில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றை மலிவாக வாங்கி, தேவையில்லாததையெல்லாம் அதிலிருந்து நீக்கினேன். கீபோர்டே வேண்டாம். ஆர்டர் வந்தால் திரை நிறையப் பைகளின் படங்கள், கேட்ட பையைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். அந்தப் படத்தை அழுத்தினால் சீட்டு வெளியே வரும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான்தான் நினைத்தேன். அத்தை மவுஸை நகர்த்தி அம்புக்குறியைப் படத்தின் மேல் அழகாகக் கொண்டுவந்து நிறுத்துவாள். அழுத்தப் போகும் நேரத்தில் விரல் நடுங்கும், அம்பு பக்கத்துப் படத்துக்குத் தாவும். கறுப்புப் பை கேட்டவருக்குச் சிவப்புப் பையின் சீட்டு வரும். படங்களைப் பெரிதாக்கினேன், அம்பின் வேகத்தைக் குறைத்தேன். பலனில்லை. "விடுட்டி, எங்கையி எஞ்சொல்லயே கேக்க மாட்டேங்கு, ஒன் டப்பா சொல்லயா கேக்கப் போவுது?" என்று சிரித்தாள். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கீழே விழுந்த சீட்டை எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கு அடியில் அத்தையின் கால் தெரிந்தது. மேலே அம்பு படத்தைத் தொட்ட அதே நொடியில் கீழே அவளுடைய வலது கால் வெறும் தரையை அழுத்தியது. அடுத்த படத்துக்கும் அப்படியே. வாழ்நாள் முழுக்கக் கை துணிக்கு வழி காட்டியது, கால் மெஷினை ஓட்டியது. இரண்டு வேலையையும் கையிடமே கொடுத்திருந்தேன் நான்!

மறுநாளே பழுதான தையல் பெடல் ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளே ஒரு சுவிட்சை வைத்து, மவுஸின் பட்டனிலிருந்து ஒயர் இழுத்து இணைத்தேன். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். கை அம்பை நிறுத்தியது, கால் அழுத்தியது. கறுப்புப் பைக்குக் கறுப்புப் பையின் சீட்டே வந்தது. "யாத்தே! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அன்று முழுக்க ஒரு சீட்டும் தவறவில்லை. முதலாளி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்குப் பெடலா! எங்க வாப்பா காலத்துலகூட இப்படி ஒண்ணு பாக்கலம்மா" என்றார். பெருநாள் பிரியாணியை அத்தைக்கு அந்த மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார். வெளியாள் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆர்டர் மேஜையில் அத்தை, காலடியில் அதே பெடல். முதலாளிக்குச் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. "அக்காவுக்குச் சரிம்மா. வேற யாரு இதெல்லாம் வாங்குவா?"

"ஏன், நீங்களே வாங்குவீய மொதலாளி. கண்ணாடிய நெத்தியில வச்சிக்கிட்டு போன்ல எழுத்தத் தேடுதிய" என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாட்டுங்காவில் கை நடுக்கத்தோடு இருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரின் வீட்டில், மேஜைக்கு அடியில் இரண்டாவது பெடலை அன்று காலைதான் மாட்டிவிட்டு வந்திருந்தேன். யார் வாங்குவார் என்று அவர் கேட்கவில்லை. வலது காலா, இடது காலா என்றுதான் கேட்டார்.